சிங்கப்பூரில் சட்டம் படிக்கும் நான்கு ஆண்டில் எதை எப்போது செய்வது: இன்டர்ன்ஷிப், இலவசச் சட்ட உதவி, பயிற்சி ஒப்பந்தம்

வேலைக்கான கணக்கை முதல் ஆண்டிலிருந்து எண்ணினால் தப்பிப்போகும். கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

நான்காம் ஆண்டு முடிந்ததும் ஜூலை வாக்கில், வழக்கறிஞராவதற்கு எழுத வேண்டிய பார்ட் பி தேர்வுக்கான வகுப்பு தொடங்கும். சிங்கப்பூர் சட்டக் கல்விக் கழகம் நடத்தும் இது சுமார் ஐந்து மாதம் ஓடும். ஆண்டுக் கடைசியில் தேர்வு. அதன்பின் சட்ட நிறுவனத்தில் பயிற்சிக் காலம். ஆறு மாதமாக இருந்த இந்தப் பயிற்சி, 2024 பார்ட் பி அணியிலிருந்து ஓராண்டாகிவிட்டது. அந்த ஓராண்டுக்கான பயிற்சி ஒப்பந்தத்தைப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் மாணவர் மூன்றாம் ஆண்டில் இருக்கும்போதே பேசி முடித்துவிடும். பேசுமுன் ஆளை இன்டர்ன்ஷிப்பில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். அப்படியென்றால் கணக்கில் ஏறும் இன்டர்ன்ஷிப், இரண்டாம் ஆண்டு முடிந்து வரும் மே முதல் ஜூலை வரையிலான விடுமுறையில் செய்வது. அதற்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பம் போக வேண்டும். சில இடங்களில் அதற்கும் முன்னால்.

அந்த விண்ணப்பத்தோடு போகும் மதிப்பெண் பட்டியலில் என்ன இருக்கும்? ஒப்பந்தச் சட்டம், டார்ட் (ஒருவர் செய்த தீங்குக்கு இழப்பீடு கோரும் சட்டம்), குற்றவியல் சட்டம் என்று முதல் ஆண்டுப் பாடங்கள்தான். "முதல் வருஷம் பழகிக்கத்தானே" என்று விட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் ஆண்டு: நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள்

முதல் ஆண்டு விடுமுறையில் பெரிய நிறுவனத்தில் இடம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். காசு செலவில்லாத ஒரு பயிற்சி ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கிறது. அரசு நீதிமன்றங்களின் 35 மாடிக் கட்டடத்தில் திறந்த விசாரணை நடக்கும் எந்த அறைக்குள்ளும் பொதுமக்கள் போய் உட்காரலாம். தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருக்கும் பையன்களுக்கும் இது பொருந்தும்.

போகுமுன் நீதித்துறை இணையத்தளத்தில் அன்றைய விசாரணைப் பட்டியலைப் பாருங்கள். நீதிபதியின் அறைக்குள் நடக்கும் விசாரணைகளில் வெளியாட்களுக்கு இடமில்லை, அதனால் 'திறந்த நீதிமன்றம்' என்று குறித்ததைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் நீதிபதி இருக்கும் திசையைப் பார்த்துத் தலை தாழ்த்துங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள்; அனுமதியின்றிப் பதிவு செய்வது 2016ஆம் ஆண்டு நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டப்படி நீதிமன்ற அவமதிப்பு.

முதல் நாளே பெரிய கொலை வழக்கைத் தேடி ஓடாதீர்கள். காலையில் குற்ற வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கப்படும் அறையில் இரண்டு மணி நேரம் இருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் சில நிமிடம்தான். வழக்கறிஞர் எழுந்து முதலில் சொல்லும் வாக்கியம் என்ன, வழக்கை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கக் கேட்கும்போது என்ன காரணம் சொல்கிறார், எந்தக் காரணத்தை நீதிபதி ஏற்கவில்லை என்று மூன்று பத்தி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கும் விசாரணை கிடைத்தால் விடாதீர்கள். கேள்வி ஆங்கிலத்தில் போய், தமிழில் மாறி, பதில் திரும்பி வரும்போது எது நழுவுகிறது என்று கவனியுங்கள். அடுத்த பகுதிக்கு அது உதவும்.

இலவசச் சட்ட உதவி: தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை அதிகம், ஆபத்தும் அதிகம்

சிங்கப்பூரின் மூன்று சட்டப் பள்ளி மாணவர்களும் படிப்பு முடிவதற்குள் 20 மணி நேரமாவது இலவசச் சட்ட உதவிப் பணி செய்ய வேண்டும். அதை நான்காம் ஆண்டுவரை தள்ளிப்போட்டு, நோட்டீஸ் ஒட்டுவதிலும் நாற்காலி அடுக்குவதிலும் கழிப்பவர்கள் நிறையப் பேர். மணிக்கணக்கு நிறைந்துவிடும், நேர்காணலில் சொல்ல ஒன்றும் இருக்காது. முதல் இரண்டு ஆண்டிலேயே, ஆளை நேரில் பார்த்துப் பேசும் வேலையாகப் பார்த்துக் கேளுங்கள்.

இலவசச் சட்ட உதவி அமைப்பான புரோ போனோ எஸ்ஜி நடத்தும் சமூகச் சட்ட ஆலோசனை மையங்கள், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2, ஹோம் போன்ற அமைப்புகள், நாடாளுமன்ற உறுப்பினர்களின் மக்கள் சந்திப்புக் கூட்டங்கள் என்று வழிகள் பல. ஆலோசனை மையத்தில் உதவி கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் வழக்கறிஞர் ஒதுக்குவது ஏறத்தாழ 20 நிமிடம்தான். அந்த நேரத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் மாணவர் வேலை. உதவி கேட்டு வந்தவரிடம் முதலில் எதிர்த்தரப்பின் பெயரைக் கேளுங்கள். அங்கிருக்கும் வழக்கறிஞர் அந்தத் தரப்புக்கு வேலை செய்பவராக இருந்தால் பேச்சே தொடங்கக் கூடாது. அடுத்து, ஏற்கெனவே வழக்கறிஞர் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பிறகு தேதி வாரியாக நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதி, எந்த நிகழ்வுக்கு எந்தக் காகிதம் கையில் இருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள்.

தமிழில் பேசும்போது சறுக்கும் இடங்கள் சில.

"சம்பளத்தைப் பிடிச்சுட்டாங்க" என்று ஊழியர் சொல்வார். இதை அப்படியே 'கழித்துக்கொண்டார்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிடாதீர்கள். அவர் சொல்வது தராமல் நிறுத்தி வைத்ததாகவும் இருக்கலாம், ஒரு பகுதியைக் கழித்ததாகவும் இருக்கலாம். 1968ஆம் ஆண்டு வேலை நியமனச் சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தர வேண்டும் என்பது ஒரு விதி. எந்தெந்தக் காரணத்துக்குக் கழிக்கலாம், பொதுவாகச் சம்பளத்தில் பாதிக்குமேல் போகக் கூடாது என்பது வேறு விதி. "மொத்தமா வரலையா, குறைச்சு வந்துச்சா? சீட்டுல எவ்வளவு போட்டிருக்கு, பேங்க்ல எவ்வளவு ஏறிச்சு?" என்று நான்கு வார்த்தை கூடுதலாகக் கேட்டால் தெளிந்துவிடும்.

"அண்ணன் கையில காசு குடுத்தேன்." யார் அண்ணன்? உடன்பிறந்தவரா, விடுதி அறைத் தோழரா, ஏஜெண்டா? 'மாமா', 'மச்சான்' எல்லாமே இப்படித்தான். உறவுச் சொல்லை அப்படியே மொழிபெயர்த்து எழுதினால், ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் குடும்பத்துக்குள் கைமாறிய பணமாகிவிடும். பெயர், வேலை, கைப்பேசி எண் மூன்றையும் கேட்டு எழுதுங்கள்.

"கையெழுத்து வாங்கிட்டாங்க." எழுதிய தாளிலா, வெற்றுத் தாளிலா? எந்த மொழியில் இருந்தது? யாராவது படித்துக் காட்டினார்களா? "தீபாவளிக்கு முந்தின வாரம்" என்றால் அந்த ஆண்டு நாள்காட்டியை எடுத்து, அவர் முன்னாலேயே தேதியை உறுதிப்படுத்துங்கள். கால வரம்பு கடுமையானது: வேலையை விட்டவர் சம்பளக் கோரிக்கையை விலகிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வேலையிடத் தகராறுகளைக் கவனிக்கும் முத்தரப்புக் கூட்டணி (டிஏடிஎம்) வழியாகச் சமரசத்துக்குக் கொண்டுபோக வேண்டும், இன்னும் வேலையில் இருப்பவருக்கு ஓராண்டு. ஒரு வாரம் தவறாகக் குறித்தால் வழக்கே போய்விடலாம்.

பெயரும் அப்படித்தான். முன்னெழுத்து முன்னாலா பின்னாலா, தந்தை பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்காமல், கடப்பிதழிலும் வேலை அனுமதி அட்டையிலும் இருப்பதை எழுத்துப் பிசகாமல் எடுத்து எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அதையும் குறியுங்கள்.

முக்கியமான எல்லை ஒன்று உண்டு. "தம்பி, நீங்க லா படிக்கிறீங்களே, நான் ஜெயிப்பேனா?" என்று கட்டாயம் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். தொழில் சான்றிதழ் இல்லாமல் வழக்கறிஞராகச் செயல்படுவது வழக்கறிஞர் தொழில் சட்டப்படி குற்றம். "அண்ணே, அதை வக்கீல்தான் சொல்லணும். நீங்க சொன்னதை நான் சரியா எழுதியிருக்கேனான்னு பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உறவினர் திருமண வீட்டில் கேட்கும் கேள்விக்கும் இதே பதில்தான்.

விண்ணப்பம்

ஒரு பக்கக் கடிதம், ஒன்றிரண்டு பக்க சுயவிவரம், மதிப்பெண் பட்டியல். நிறுவனங்கள் இதற்குமேல் கேட்பது அபூர்வம். பெரிய நிறுவனங்கள் தங்கள் இணையத்தளத்திலேயே படிவம் வைத்திருக்கும்.

கடிதத்தில் மூன்று பத்தி போதும். எந்தத் துறையில் ஆர்வம், அந்த ஆர்வத்துக்கு ஆதாரமாக நீங்கள் செய்த ஒரு வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும். தேதியை விட்டுவிடுபவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு அதிகம்; இன்டர்ன்ஷிப் பொதுவாக மூன்று நான்கு வாரத் தொகுதிகளாக ஒதுக்கப்படுவதால், தேதி இல்லாத கடிதம் ஓரமாகப் போய்விடும். போன நிறுவனத்தின் பெயரை மாற்றாமல் அடுத்த நிறுவனத்துக்கு அனுப்புவது பழைய வியாதி. கடைசியாகக் கோப்பைத் திறந்து, பெயரை மட்டும் உரக்கப் படியுங்கள்.

மொழி என்ற இடத்தில் 'தமிழ்' என்று மட்டும் போடாதீர்கள். பேச வருமா, ஒரு வாக்குமூலத்தைப் படித்து ஆங்கிலத்தில் சுருக்க வருமா, எழுத வருமா என்று பிரித்துச் சொல்லுங்கள். குடும்ப வழக்கு, குற்ற வழக்கு, வேலையிட விபத்து வழக்கு எடுக்கும் நிறுவனங்களுக்கு அந்த வேறுபாடு பணம். உயர்நிலைப் பள்ளியோடு தமிழை விட்டவர்கள் 'சரளமாக' என்று போட்டுவிட்டு, முதல் நாளே கட்சிக்காரரிடம் தொலைபேசியைக் கொடுத்ததும் முழிப்பதைவிட இது நல்லது.

இன்டர்ன்ஷிப்பில் கொடுக்கும் வேலை

மாணவருக்குப் பெரும்பாலும் கொடுப்பது ஆய்வுக் குறிப்பு. நிறுவனம் உங்களை எடைபோடுவதும் அதை வைத்துத்தான். எடைபோடும் முறை எளிது: நீங்கள் கொடுத்ததை வழக்கறிஞர் அப்படியே எடுத்துப் பயன்படுத்தினாரா, உட்கார்ந்து மறுபடி செய்தாரா? நான்கு நிறுவனத்தில் மூன்று மூன்று வாரம் சுற்றியவரைவிட, ஒரே இடத்தில் இரண்டு குறிப்பை உருப்படியாக முடித்தவருக்குத்தான் திரும்ப அழைப்பு வருகிறது.

வேலையை வாங்கும்போதே நான்கு விஷயம் கேளுங்கள்: யாருக்காக, எந்தத் தேதிக்குள், எத்தனை பக்கம், எந்த ஆவணங்களைப் பார்க்கலாம். கேட்டதை இரண்டு வரி மின்னஞ்சலாகத் திருப்பி அனுப்புங்கள். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இரண்டு நாள் வீணாகுமுன் அங்கேயே தெரிந்துவிடும்.

குறிப்பின் முதல் வரி கேள்வி. அடுத்த மூன்று வரி விடை. "இதற்கு நேரடி விடை இல்லை" என்பதும் விடைதான், ஆனால் எது எதைப் பொறுத்து மாறும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் கீழே சட்டப் பிரிவு, பிறகு தீர்ப்புகள், பிறகு இந்த வழக்கின் விவரங்களுக்கு அவை எப்படிப் பொருந்தும், கடைசியில் இன்னும் தெரிய வேண்டியவை. தேடிய வரிசையில் எழுதுவதுதான் எல்லாருக்கும் வரும் தவறு. எதைத் தேடிக் களைத்தீர்கள் என்பது படிப்பவருக்கு வேண்டாம்.

சரிபார்க்கும்போது கால் வைக்கும் பள்ளங்கள்:

• சிங்கப்பூர் சட்டங்கள் இணையத்தளத்தில் பக்கத்தின் மேலே எந்தத் தேதிப் பதிப்பு என்று இருக்கும். சம்பவம் நடந்த நாளில் நடப்பில் இருந்த பதிப்பு வேண்டும், இன்றைய பதிப்பு அல்ல.

• சட்டங்களின் 2020 திருத்தப் பதிப்பு 2021 டிசம்பர் 31 முதல் நடப்புக்கு வந்தது. அத்தோடு சட்டங்களின் 'அத்தியாய எண்' போய்விட்டது. சில சட்டங்களில் பிரிவு எண்களும் நகர்ந்தன. பழைய தீர்ப்பில் 'அத்தியாயம் 91' என்றிருப்பது இன்றைய 1968ஆம் ஆண்டு வேலை நியமனச் சட்டம். பழைய தீர்ப்பிலிருந்து பிரிவு எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் வேறு பிரிவில் போய் நிற்கும்.

• 2021ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. அதில் வழக்குத் தொடங்கும் ஆவணத்தின் பெயர், வழக்குத் தொடுப்பவரின் பெயர் என்று பல சொற்கள் மாறின. நிறுவனத்தின் பழைய மாதிரிக் கோப்பைத் திறந்து நிரப்பும்போது பழைய சொற்கள் ஒட்டிக்கொண்டு வரும்.

• 2021 ஜனவரி 2 முதல் உயர் நீதிமன்றம் பொதுப் பிரிவு, மேல்முறையீட்டுப் பிரிவு என்று இரண்டாக இருக்கிறது. 'உயர் நீதிமன்றம் சொன்னது' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து அந்தத் தீர்ப்பின் கனம் மாறும்.

• தீர்ப்பு பின்னர் மேல்முறையீட்டில் கவிழ்ந்ததா என்று, தீர்ப்புகளைத் தேடும் தளமான லாநெட்டில் பாருங்கள். சட்டப் பள்ளி மூலம் கிடைக்கும் லாநெட் கணக்கு படிப்புக்கானது. நிறுவன வேலைக்கு நிறுவனத்தின் கணக்கைக் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி நீதிமன்றங்கள் வெளியிட்ட வழிகாட்டி 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கருவியைப் பயன்படுத்தத் தடையில்லை; தாக்கல் செய்வது எல்லாவற்றுக்கும் பொறுப்பு தாக்கல் செய்பவருடையது. கருவி கற்பனையாக உருவாக்கிய, உண்மையில் இல்லாத தீர்ப்பொன்றை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர் ஒருவர் 2025இல் தம் கையிலிருந்து 800 வெள்ளி செலவுத்தொகை கட்டும்படி ஆனது. அந்த மேற்கோளைத் தேடிக் கொடுத்த இடத்தில் நாளை ஓர் இன்டர்ன் இருக்கலாம். நீங்கள் திறந்து படிக்காத தீர்ப்பு குறிப்பில் ஏறக் கூடாது. கட்சிக்காரரின் பெயரையும் விவரத்தையும் பொதுக் கருவியில் ஒட்டவே கூடாது. எம்ஆர்டியில் வீட்டுக்குப் போகும்போது தோழியிடம் தொலைபேசியில் வழக்கைப் பற்றிப் பேசுவதும் இதே கணக்குதான். தமிழில் பேசினால் பக்கத்து இருக்கைக்குப் புரியாது என்று இந்த ஊரில் நம்பாதீர்கள்.

எங்கே போவது

பெரிய நிறுவனத்தில் அமைப்பு, பயிற்சி, பெரிய பரிவர்த்தனை எல்லாம் உண்டு. கட்சிக்காரர் முகத்தைப் பார்ப்பது அரிது. பீப்பிள்ஸ் பார்க் சென்டர், ஹை ஸ்திரீட் சென்டர் போன்ற கட்டடங்களில் இருக்கும் சிறு நிறுவனங்களில் இரண்டாம் நாளே நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவார்கள். பிரமாணப் பத்திரத்தின் முதல் வரைவும் கைக்கு வரும். உதவித்தொகை இருக்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்பதில் தவறில்லை. வழக்காடுவதில் ஆசை உள்ளவர் இரண்டிலும் ஒவ்வொன்று பார்ப்பது நல்லது. அரசாங்கப் பக்கம் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம், 2022 டிசம்பரில் தொடங்கிய பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம், சட்ட உதவிப் பிரிவு ஆகியவை உண்டு. இவற்றுக்குப் பாதுகாப்புச் சோதனை நேரம் பிடிக்கும் என்பதால் இன்னும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு சொல்: கட்டணம் கட்டுமுன் சட்டக் கல்விக் கழகத்தின் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பட்டியலைப் பாருங்கள். 2016 சேர்க்கையிலிருந்து பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கை 19இலிருந்து 11ஆகக் குறைக்கப்பட்ட வரலாறு உண்டு. பட்டியலில் இருந்தாலும் பார்ட் பிக்கு முன், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பார்ட் ஏ தேர்வை எழுத வேண்டும், பட்டத்தின் தரத்துக்கும் நிபந்தனை உண்டு.

பயிற்சி ஒப்பந்தமும் அதன்பின்னும்

நேர்காணலில் சட்டக் கேள்வியைவிட, சுயவிவரத்தில் நீங்களே எழுதிய வரியைத் தோண்டுவார்கள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நிமிடம் பேச வராவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். கட்சிக்காரர் பெயரைச் சொல்லாமல் ஒரு வழக்கைப் பற்றிப் பேசிப் பழகுங்கள். பெயரை உளறுபவரை அதே நொடியில் மனத்துக்குள் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள்.

ஒழுக்கப் பதிவும் இங்கே வந்து நிற்கும். 2020 பார்ட் பி தேர்வில் ஏமாற்றிய சிலரின் வழக்கறிஞர் சேர்க்கையை 2022இல் உயர் நீதிமன்றம் தள்ளிவைத்தது. சட்டப் பள்ளியில் கட்டுரையைக் காப்பியடித்துப் பிடிபட்டதைச் சேர்க்கை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டதும் பின்னர் ஒருவரின் சேர்க்கைக்குத் தடையாக வந்து நின்றிருக்கிறது. பழைய தவறு ஏதும் இருந்தால் அதற்கான கடிதங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், விண்ணப்பத்தில் முழுதாகச் சொல்லுங்கள்.

நான்காம் ஆண்டு டிசம்பர் வந்தும் ஒப்பந்தம் கிடைக்கவில்லையா? சிறு, நடுத்தர நிறுவனங்கள் பல தாமதமாகத்தான் ஆள் எடுக்கும். யாராவது விலகினால் ஜூலையில்கூட இடம் திறக்கும். பொது மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட, இன்டர்ன்ஷிப்பில் உங்கள் குறிப்பைப் பயன்படுத்திய வழக்கறிஞருக்கு நேரடியாக எழுதுங்கள்: எந்த வேலை செய்தேன், எந்த மாதத்திலிருந்து வரலாம், உங்களிடம் இடம் இல்லையென்றால் யாரிடம் கேட்கலாம். 2024இலிருந்து பார்ட் பி தேறியவர் பயிற்சிக் காலம் முடிக்காமலேயே, தொழில் நடத்தாத வழக்கறிஞராகச் சேர்க்கை பெறும் வழியும் இருக்கிறது. நிறுவனச் சட்டப் பிரிவுகள், சட்டத் தொழில்நுட்ப நிறுவனங்கள் பக்கம் போகிறவர்கள் அதை விசாரித்துக்கொள்ளலாம். நீதிமன்றத்தில் எழுந்து பேச வேண்டும் என்றால் மட்டும் அந்த ஓராண்டைச் செய்துதான் ஆக வேண்டும்.